புதுப்பிப்பு: வலப்பக்க பாஸ் இப்போது கைக்குப் போய்ச் சேருகிறது

ரக்பியில் இடப்பக்கம் பந்தைக் கொடுத்தால் ஒழுங்காகப் போகிறது, வலப்பக்கம் கொடுத்தால் தள்ளாடி முன்னால் போய் விழுகிறது, என்ன செய்வது என்று மூன்று வாரம் முன்பு கேட்டிருந்தேன். 'பந்தைச் சுழல வைத்துக் கொடுப்பதை (சுழல் பாஸ்) விட்டுவிடு, முதலில் சுழலாத சாதாரண பாஸைப் பழகு' என்று ஒரு அண்ணா எழுதியிருந்தார். அதையே செய்தேன்.

கோளாறு பிடியில்தான் இருந்தது. பந்தை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்திருந்தேன். இப்போது விரல்களை விரித்து விரல்களாலேயே தாங்குகிறேன்; உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. வலப்பக்கம் பந்தைத் தள்ளுவது இடது கை. எனக்கு அதில் வலுவே இல்லை. அதனால் முழங்காலிட்டு, அந்த ஒரு கையால் மட்டும் தினமும் 50 தடவை போட்டேன். பந்து 400 கிராமுக்கு மேல். முதல் நாலு நாள் மணிக்கட்டு வலித்தது, அப்புறம் சரியாகிவிட்டது.

பெரிய மாற்றம் இன்னொன்று: பந்தை விட்ட பிறகும் விரல்கள் வாங்குபவரை நோக்கியே நிற்க வேண்டும். முன்பு என் கை தோளுக்கு மேல் ஏறிவிடும், பந்தும் கூடவே ஏறும்.

சனிக்கிழமை கண்டியில் பயிற்சியின்போது ஓடிக்கொண்டே கொடுத்தேன். கைகளை நெஞ்சுக்கு நேரே நீட்டியபடி பின்னால் வந்த தம்பி, வேகம் குறையாமல் வாங்கிக்கொண்டு ஓடினான். அவ்வளவு சந்தோஷம்! சுழல் பாஸை அடுத்த மாதம் தொடங்குகிறேன்.