இ.கே.3 சிவிக்: முன் வீல் ஸ்டட் முறிந்தது, எதை வாங்கி எப்படிப் போடுவது?

வெள்ளவத்தை_இகே:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 1.5 லீட்டர் இ.கே.3 சிவிக். வார நாட்களில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகிற அதே கார்தான் கட்டுகுருந்தையில் ட்ராக் நாள் கிடைத்தால் அங்கேயும் ஓடும். சில்லுகள் 15 அங்குல அலாய், 4×100 (100 மி.மீ. வட்டத்தில் நான்கு துளை), நடுத்துளை 73.1 மி.மீ. முன்பக்கம் 5 மி.மீ. ஸ்பேசர் (சில்லை வெளியே தள்ளும் தகடு) போட்டிருக்கிறேன், அது இல்லாவிட்டால் சில்லு பிரேக் காலிப்பரில் உரசும்.

போன கிழமை டயர் மாற்ற ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். இடது முன் சில்லைக் கழற்றும்போது ஒரு நட் ஸ்டட்டோடு (சில்லைப் பிடிக்கும் மரைக் கம்பி) சேர்ந்தே கையில் வந்துவிட்டது. முறிந்த துண்டை வாங்கி வைத்திருக்கிறேன். முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் வழவழப்பு, கொஞ்சம் கறுப்பு, அலை அலையாகக் கோடுகள். மிச்சம் மட்டும் புதிதாக உடைந்த இரும்பு மாதிரி சொரசொரப்பாக இருக்கிறது.

நான் தனியாக மட்டும் ஓட்டுவதில்லை. சில நாட்களில் தங்கச்சியும் பக்கத்தில் வருவாள். அதனால் இதைச் சரியாகச் செய்ய விரும்புகிறேன். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டட் போதுமா, இல்லை ஏ.ஆர்.பி. கம்பனியுடையது மாதிரி குரோம்-மொலி (உறுதி கூடிய கலப்பு உருக்கு) ஸ்டட்டை வெளியிலிருந்து எடுப்பிக்க வேண்டுமா? நீளம் கூடியதா, கம்பனி நீளமா? சுத்தியலால் தட்டிப் போடலாம் என்கிறார்கள், அது சரியா?

---

கொட்டாஞ்சேனை_லேத்:

தம்பி, அந்தத் துண்டை எறிந்துவிடாதீர்கள், உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதில்தான் இருக்கிறது. வழவழப்பாகத் தெரிவது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த வெடிப்பு. அலைக்கோடுகள் அது நின்று நின்று வளர்ந்த தடம். கறுத்திருப்பதால் உள்ளே காற்றும் ஈரமும் போய் நாளாகிவிட்டது. சொரசொரப்பான பகுதி மட்டுமே அன்றைக்குக் கடையில் உடைந்தது. மிஞ்சி இறுக்கியே முறிந்திருந்தால் ஸ்டட் இழுபட்டு இடுப்பு மெலிந்திருக்கும், அல்லது முகம் முறுக்கினாற்போல இருக்கும். உங்களுடையது களைப்பு முறிவு.

களைப்பு ஏன் வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்டட்டின் வேலை சில்லை ஹப்பின் (சில்லு பூட்டப்படும் சுழலும் பகுதி) முகத்தோடு அழுத்திப் பிடிப்பது. அந்த அழுத்தம் இருக்கும்வரை பிரேக்கின் விசையையும் வளைவின் விசையையும் இரண்டு முகங்களுக்கும் இடையிலுள்ள உராய்வே தாங்கிக்கொள்ளும், ஸ்டட் வளையாது. அழுத்தம் குறைந்தால் சில்லு மயிரிழை அளவுக்கு நகரும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் ஒருமுறை வளைந்து நிமிரும். மரையின் அடியில் வெடிப்புத் தொடங்கிவிடும்.

கணக்கையும் சொல்கிறேன். உங்கள் காருக்கு ஹோண்டா சொல்லும் இறுக்கம் 108 நியூட்டன் மீட்டர். காய்ந்த மரையில், வழக்கமான நட் கெழு (உராய்வைக் கணக்கில் சேர்க்கும் எண்) 0.2 என்று வைத்தால், எம்12 (12 மி.மீ. விட்டம்) ஸ்டட் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 கிலோநியூட்டன், அதாவது நாலரை டன் விசையில் இழுத்துப் பிடிக்கிறது. 10.9 உறுதித் தர எம்12×1.5 (மரை இடைவெளி 1.5 மி.மீ.) ஸ்டட் நிரந்தரமாக நீளாமல் 73 கிலோநியூட்டன் வரை தாங்கும். ஆகவே தரமான கம்பனி ஸ்டட் பலவீனமான சாமான் அல்ல. அழுத்தம் விட்டுப்போன இடத்தில் குரோம்-மொலியைப் போட்டாலும் அதுவும் முறியும், கொஞ்சம் பிந்தி முறியும், அவ்வளவுதான்.

உங்கள் காரில் அழுத்தம் எங்கே போயிருக்கும்? வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஏதாவதில் நிறுத்துகிறீர்களா? உப்புக் காற்றில் ஹப்பின் முகம் துருப்பிடித்துச் செதில் செதிலாக நிற்கும். அதன் மேல் ஸ்பேசர், அதன் மேல் பெயின்ட் அடித்த சில்லு. ஓட ஓடத் துருவும் பெயின்டும் நசுங்கும், நட்டு இறுகியபடி தெரிந்தாலும் இழுவிசை விழுந்துவிடும். கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தேய்த்துச் சுத்தமாக்காமல் புது ஸ்டட் போடுவதில் பயனில்லை.

ஸ்பேசரையும் பாருங்கள். மரை 1.5 மி.மீ. இடைவெளி என்பதால் 5 மி.மீ. ஸ்பேசர் மூன்று சுற்றுக்கும் மேலாக விழுங்கிவிடும். நட்டைக் கையால் ஏற்றி, மரை பிடித்தது முதல் இருக்கையில் அமரும்வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். எம்12க்கு எட்டுச் சுற்று, அதாவது 12 மி.மீ. பிடிப்பு, என்னைப் பொறுத்தவரை கடைசி எல்லை. ட்ராக்குக்குப் பத்தாவது வேண்டும். இல்லாவிட்டால் நீள ஸ்டட்தான்.

முறிந்ததை மட்டும் மாற்றுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நான்கு ஸ்டட் காரில் ஒன்று போனால் மற்ற மூன்றும் அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கியிருக்கும். முன்பக்கம் எட்டையும் மாற்றுங்கள். பின்பக்கத்து ஸ்டட்களின் அருகே புது ஸ்டட் ஒன்றை மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். பல்லோடு பல் படியாமல் இடையில் ஒளி தெரிந்தால் அது நீண்டுவிட்டது, அதையும் மாற்றுங்கள்.

---

தெகிவளை_ரோட்ஸ்டர்:

அண்ணா சொன்னதோடு நட்டைப் பற்றி ஒரு விஷயம். ஹோண்டா கம்பனி நட்டின் இருக்கை உருண்டை. வெளியில் வாங்கும் அலாய் சில்லுகளில் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. கம்பனி நட்டையே அந்தச் சில்லில் போட்டால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் தொடும், அதுவும் நசுங்கி இறுக்கம் போய்விடும். நீள ஸ்டட் போடுவதானால் மூடிய தலை நட்டும் வேண்டாம், ஸ்டட்டின் நுனி உள்ளே முட்டி நின்றுவிடும். டோர்க் ரென்ச் (இறுக்கம் அளக்கும் ரென்ச்) கிளிக் அடிக்கும், சில்லோ இறுகியிருக்காது. இரு பக்கமும் திறந்த உருக்கு நட் எடுங்கள். நிறம் போட்ட அலுமினிய நட் ட்ராக்குக்கு ஆகாது.

பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய ஸ்டட்டையும் ஒரு வெர்னியரையும் கொண்டுபோங்கள். எம்12×1.5 என்று சொன்னால் டொயோட்டாவுடையதையும் எடுத்துத் தருவார்கள், மரையும் ஒன்றுதான். ஆனால் ஹப்புக்குள் கடித்து நிற்கும் பல் வெட்டிய பகுதி ஹோண்டாவில் 12.3 மி.மீ. அளவு, டொயோட்டாவில் பல மாடல்களுக்கு 14.3. துளையைப் பெருப்பித்துப் போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வந்துவிடுங்கள். நிசான், சுசுகி ஸ்டட் என்றால் மரையே 1.25.

---

வெள்ளவத்தை_இகே:

இருவருக்கும் மிக்க நன்றி. கார் நிற்பது கடல் பக்கம்தான், ஹப்பின் முகமும் அண்ணா சொன்னபடியேதான் இருக்கிறது. கையால் எண்ணிப் பார்த்தேன், ஸ்பேசரோடு ஆறு சுற்றுக்கூட முழுதாக இல்லை. ஆகவே நீள ஸ்டட்டும் திறந்த நட்டும் வாங்கப் போகிறேன். ஹப்பைக் கழற்றாமல் போட முடியுமா? வளையங்களை அடுக்கி நட்டை ஏற்றி இழுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

---

கொட்டாஞ்சேனை_லேத்:

ஆறு சுற்றா? அப்படியானால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

இ.கே.யில் ரோட்டர் (பிரேக் வட்டு) ஹப்பின் மேல் இருந்து கழன்று வரும், இரண்டு ஸ்க்ரூதான். ஆனால் நீள ஸ்டட்டைப் பின்பக்கமாகச் செருக நக்கிள் (ஹப்பைத் தாங்கும் இரும்புப் பகுதி) இடம் விடாது. நக்கிளைக் கழற்றி, ஹப்பைப் பிரஸ்ஸில் தள்ளி எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் பெயரிங்கின் உள்வளையம் ஹப்போடு வந்துவிடும், பழையதைத் திரும்பப் போடக் கூடாது. புதுப் பெயரிங் இரண்டு இப்போதே வாங்கி வையுங்கள்.

நட்டால் இழுத்துப் போடுவது வீட்டு வாசலில் அவசரத்துக்குச் செய்யக்கூடியதுதான். செய்தால் எறியப்போகிற ஒரு நட்டால், அதன் மரைக்குக் கிரீஸ் போட்டு, கை ரென்ச்சால் செய்ய வேண்டும். இம்பாக்ட் கன் வைத்தால் புது ஸ்டட்டின் மரை அங்கேயே இழுபட்டுவிடும். சுத்தியல் வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு அடியும் பெயரிங்கின் குண்டுகளுக்குத்தான் போய்ச் சேரும். பிரஸ் இருக்கும்போது பிரஸ்தான். துளையைச் சுற்றி ஒரு குழாய்த்துண்டால் தாங்கு கொடுத்து, ஸ்டட்டின் தலை ஹப்பின் முதுகில் முழுதாக அமரும்வரை நேராகத் தள்ள வேண்டும். தலைக்கடியில் தகடு நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் ஓட்டத்தில் அது உள்ளே இறங்கும், நட் தளர்ந்துவிடும்.

பூட்டும்போது மரைக்கு எண்ணெய் போடாதீர்கள். ஏற்கனவே சொன்ன கணக்கில் கெழு 0.15க்கு விழுந்தால் அதே 108க்கு இழுவிசை 60 கிலோநியூட்டனாகிவிடும். ஹப்பின் 56.1க்கும் சில்லு நடுத்துளையின் 73.1க்கும் இடையே பிளாஸ்டிக் வளையம் இருந்தால் அதை அலுமினியத்துக்கு மாற்றுங்கள், ட்ராக் பிரேக் சூட்டில் பிளாஸ்டிக் இளகும். குறுக்காக, இரண்டு கட்டமாக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் திரும்பப் பாருங்கள்.

ட்ராக்கில் ஓடி வந்த உடனே சூட்டோடு இறுக்க வேண்டாம். அலுமினியம் உருக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூட்டில் 108 காட்டியது ஆறியதும் குறைந்து நிற்கும். ஆறவிட்டுப் பாருங்கள், ஒவ்வொரு சுற்று ஓட்டத்துக்குப் பிறகும்.

கடைசியாக, மூன்று ஸ்டட்டில் காரை ஓட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வர வேண்டாம். வீட்டிலேயே ஸ்டாண்டில் ஏற்றி, இரண்டு நக்கிளையும் கழற்றி த்ரீவீலில் கொண்டு வாருங்கள். எந்தப் பக்கம் எது என்று பெயின்டால் குறித்துவிட்டு, ஏ.பி.எஸ். இருந்தால் சென்சாரைக் கழற்றிக் காரிலேயே விட்டுவிடுங்கள். காலையில் வந்தால் மதியத்துக்குள் முடித்துத் தரலாம்.