வீட்டுக் கடனை வேற வங்கிக்கு மாத்தினப்போ எங்கே இடிச்சுது? (அனுபவப் பகிர்வு)

தாம்பரம் கணக்கர்:
"4,440 ரூபாய் குறையுது சார்." பழைய வங்கி கவுண்டர்ல செக்கை நீட்டினதும் வந்த பதில் இது. பாக்கி 30 லட்சம், வட்டி 9%. ஃபோர்குளோஷர் லெட்டர்ல (கடனை முழுசா அடைக்க எவ்வளவுன்னு பழைய வங்கி தர்ற கடிதம்) இருந்த தொகை 20ஆம் தேதி வரைக்கும்தான் செல்லும். புது வங்கி அதே தொகைக்குச் செக் போட்டு வச்சுட்டு 26ஆம் தேதிதான் கையில கொடுத்தது. ஒரு நாள் வட்டி 740, ஆறு நாள். 30 லட்சத்துக்குச் செக் மேஜை மேல கிடக்கு, நாலாயிரத்துச் சொச்சத்துக்காகக் கணக்கு மூடல. புது வங்கிக்காரங்க செக் தேதியிலிருந்தே வட்டி போட ஆரம்பிச்சாச்சு, ஆக அந்த நாளுக்கெல்லாம் ரெண்டு பக்கமும் வட்டி.

லெட்டர் கேட்கும்போதே பத்து நாள் தள்ளித் தேதி கேளுங்க. தினசரி வட்டி எவ்வளவுன்னு அதுலேயே எழுதி வாங்குங்க. இ.எம்.ஐ. பிடிச்ச மறுநாள் இந்த வேலையை வச்சுக்கிட்டா நல்லது. நடுவுல தவணை தேதி வந்தா நாச் (கணக்குல இருந்து தவணையைத் தானா பிடிக்கிற ஏற்பாடு) தன்பாட்டுக்குப் பணத்தை எடுத்துடும், திரும்பி வர நாளாகும்.

வட்டி விகிதம்:
நாலாயிரம் எல்லாம் ஒரு விஷயமா கணக்கரே! சாங்ஷன் லெட்டர்ல (புது வங்கியோட கடன் அனுமதிக் கடிதம்) தவணைக் காலம்னு ஒரு கட்டம் இருக்கே, மாட்டிக்கிறது அங்கேதான். அதே 30 லட்சம், இன்னும் 144 மாசம் பாக்கி, 9%னா இ.எம்.ஐ. 34,141. "8%க்கு மாத்தித் தர்றோம், இனி 25,093 கட்டினாப் போதும்"னு ஏஜென்ட் சொன்னதும் ஒரு தம்பதிக்கு முகமெல்லாம் சிரிப்பு. கட்டத்துல 240 மாசம்னு போட்டிருந்ததை யாரும் பார்க்கல. மிச்சமிருந்த வட்டி 19.16 லட்சம். மாத்தின பிறகு 30.22 லட்சம். வட்டி விகிதம் குறைஞ்சும், கட்டப்போற மொத்த வட்டி 11 லட்சம் ஏறுது!

அதே 144 மாசம் வச்சா இ.எம்.ஐ. 32,474. மாசம் 1,667தான் மிச்சம், ஆனா மொத்தத்துல 2.40 லட்சம். பழைய 34,141ஐயே தொடர்ந்து கட்டினா 133 மாசத்துல கடன் முடியும். இந்த மூணு வரியையும் எழுதிக் காட்டாத ஏஜென்ட்கிட்ட கையெழுத்துப் போடாதீங்க.

பத்திர எழுத்தர்:
ரெண்டு பேரும் பணத்துலேயே நிக்கிறீங்க. வீட்டை விக்க அட்வான்ஸ் வாங்கியாச்சு, வாங்கறவர் ஈ.சி. (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்க்கறார், ரெண்டு வருஷம் முன்னாடி அடைச்ச வங்கியோட எம்.ஓ.டி. (பத்திரத்தை அடமானம் வச்ச பதிவு) அப்படியே நிக்குது. "என்.ஓ.சி. இருக்கே"ன்னு வீட்டுக்காரர், பாக்கி இல்லைன்னு வங்கி கொடுத்த காகிதத்தை எடுத்து நீட்டறார். சார்பதிவாளர் அலுவலகத்துல, கடன் அடைஞ்சதுன்னு வங்கி எழுதித் தர்ற ரசீது ஆவணம் பதியாம ஈ.சி.யில அந்தப் பதிவுக்கு முடிவு ஏறாது. அதுக்கு வழக்கமா வங்கி அதிகாரி நேர்ல வரணும், அவர் தேதி கிடைக்கிறதுதான் பெரும்பாடு. மாத்தும்போதே ஒரே நாள்ல முதல்ல ரசீது, அடுத்த டோக்கன்ல புது எம்.ஓ.டி.ன்னு வச்சுக்கிட்டா ஒரே அலைச்சலோட போச்சு. செர்சாயில (அடமானங்களுக்கான மத்தியப் பதிவேடு) பழைய வங்கி பெயர் எடுபட்டுச்சான்னும் பாருங்க.

பத்திரம் திரும்பி வரும்போது எல்.ஓ.டி. பட்டியலை (நீங்க வங்கியில கொடுத்த ஆவணங்களோட பட்டியல்) வச்சு ஒவ்வொண்ணாச் சரிபாருங்க. தாய்ப்பத்திரம்தான் வழக்கமா விட்டுப்போகும். 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கு: கடன் அடைஞ்சு 30 நாளுக்குள்ள பத்திரம் தரணும், வங்கியால தாமதம்னா நாளுக்கு 5,000 ரூபாய். தொலைச்சிருந்தா நகல் எடுக்கற செலவும் அவங்களோடது, அதுக்கு இன்னும் 30 நாள் கூடுதல்.

மடிப்பாக்கம் மாமி:
"வட்டி விகிதம்"ங்கற பேர்ல எழுதறவர் சொல்றதுல எனக்குச் சம்மதமில்லை. பள்ளிக்கூட ஃபீஸுக்கே தள்ளாடறவாளுக்கு மாசம் ஒன்பதாயிரம் குறையறது சும்மாவா? 240க்கே போட்டுக்கட்டும், கையில பணம் வரும்போது அசல்ல கட்டட்டும். ஃப்ளோட்டிங் வட்டியில (அப்பப்போ ஏறி இறங்கற வட்டி) தனிநபர் வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினா அபராதம் கிடையாது. என்ன, கட்டின கையோட "தவணைக் காலத்தைக் குறைங்கோ"ன்னு எழுதிக் கொடுத்துடணும்.

அதைவிட முதல்ல சொந்த வங்கியைக் கேளுங்கோ. ரெப்போ (ரிசர்வ் வங்கி மத்த வங்கிகளுக்குக் கடன் தர்ற வட்டி) 2025 பிப்ரவரி ஆரம்பத்துல 6.50ல இருந்தது, அந்த டிசம்பர்ல 5.25. உங்க வட்டி அந்த அளவுக்கு இறங்கலைன்னா இன்னும் பழைய எம்.சி.எல்.ஆர்., இல்லேன்னா பேஸ் ரேட்டுல (வங்கியே கணக்குப் போட்டு வைக்கற பழைய வட்டி முறைகள்) உட்கார்ந்திருப்பேள். 2019 அக்டோபருக்கு முன்னாடி எடுத்த கடன்னா பெரும்பாலும் இதுதான். ஒரு கட்டணம் வாங்கிண்டு ரெப்போவுக்கு மாத்திடுவா. ஏற்கெனவே ரெப்போவில இருந்தா ஸ்ப்ரெட் (ரெப்போவுக்கு மேல வங்கி சேர்க்கற சதவீதம்) எவ்வளவுன்னு கேளுங்கோ. புதுசா வர்றவாளுக்குக் கம்மியா வச்சுட்டு உங்களை அதிகத்துலேயே விட்டிருப்பா. இன்னொரு வங்கியோட சாங்ஷன் லெட்டரை மேஜையில வச்சாத்தான் வாய் திறப்பா. வெளியே போனா பிராசசிங் கட்டணம், வக்கீல், மதிப்பீடு, அதுக்கு மேல எம்.ஓ.டி. முத்திரைத் தீர்வை 0.5%. 30 லட்சத்துக்கு அதுவே 15,000, பதிவுக் கட்டணம் தனி.

வட்டி விகிதம்:
மாமி, "கையில பணம் வரும்போது"ன்னு சொல்றீங்களே, அங்கேதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. 144க்குப் போட்டா வங்கியே பிடிச்சுக்கும்.

புதுசு:
புது வங்கி சாங்ஷன்ல 31,20,000ன்னு இருக்கு. பாக்கி 30 லட்சம்தான். டாப்-அப் (கூடுதல் கடன்) எதுவும் கேட்கல.

தாம்பரம் கணக்கர்:
ஒரே பிரீமியம் கட்டுற இன்ஷூரன்ஸைக் கடனோட சேர்த்திருப்பாங்க. அந்த 1,20,000க்கும் கடன் முடியற வரைக்கும் வட்டி ஓடும். கட்டாயமில்லை. "வேண்டாம்"னு மெயில் போட்டு, திருத்தின லெட்டர் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்க.