சிரிக்குதுன்னு நினைச்சேன்

மழைக்காகம்:
மலைப்பாதை வளைவு. சிமென்ட் கட்டை மேல ஒரு ஆண் குரங்கு, ரெண்டடி தூரத்துல என் பொண்ணு. அப்ப அவளுக்கு ஆறு வயசு. அது ஈறு தெரிய இளிச்சுது. "சிரிக்குதுப்பா"ன்னா. "நீயும் சிரி"ன்னு சொல்லிட்டு போனைத் தூக்கினேன். படம் எடுத்த கையோட அது பாய்ஞ்சு, அவ தோளை மிதிச்சுத் தாண்டி ஓடிருச்சு. மூணு நகக்கீறல்.

அது சிரிப்பே இல்ல, பயம்னு அப்புறம்தான் படிச்சேன். குரங்கு பணிஞ்சு போறப்ப சத்தமில்லாம பல்லைக் காட்டுதே, அதுதான் நம்ம புன்னகைக்கு மூலம்னு யான் வான் ஹூஃப்ங்கிற டச்சு ஆய்வாளர் 1972லயே எழுதியிருக்கார். வாயைத் திறந்து விளையாடுற முகம்தான் வாய்விட்டுச் சிரிக்கிற சிரிப்பா ஆச்சாம். இப்பல்லாம் மேலதிகாரி அறைக்குள்ள நுழையறப்ப என் உதடு தானா விரியறது எனக்கே தெரியுது. அதுகூடப் பரவாயில்ல. "சிரி"ன்னு சொன்னது நான்தானே.

கூழாங்கல்:
கீறலை லேசா எடுத்துக்காதீங்க. சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும். அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டி வெறிநோய்த் தடுப்பூசி. குரங்கைக் கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது, அதுக்கு அது சவால். பையை ஆட்டாதீங்க. ஓடாதீங்க, மெதுவா பின்னால நகருங்க. சளி பிடிச்சிருந்தா நீங்களே கிட்டப் போகாதீங்க, நோய் ரெண்டு பக்கமும் தாவும். தான்சானியா நாட்டுக் கோம்பே காட்டுச் சிம்பன்ஸிகளுக்கு 1966ல போலியோ வந்து கைகால் முடங்கினதே!

என் கதையா? பாலித் தீவு உலுவாத்துக் கோயில்ல ஒரு குரங்கு என் கண்ணாடியைப் பிடுங்கிட்டுப் போச்சு. ஒரு பழம் நீட்டினேன், அசையல. மூணாவதுக்குத்தான் விட்டுது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு கறக்கலாம்னு அங்க வயசான குரங்குகளுக்கு அத்துப்படின்னு 2021ல ஆய்வே வந்திருக்கு.

ஈரமண்:
கள ஆய்வுல மூணு மாசம் உதவியாளா இருந்தேன். ஒரு தாய்க்குரங்கு. குட்டி செத்து நாலாம் நாள், உடம்பு காய்ஞ்சு தோல் மாதிரி ஆயிருச்சு. ஈயை ஓட்டிக்கிட்டே இருந்தா. மரம் தாவ ரெண்டு கையும் வேணும். குட்டியோட காலை வாயில கவ்விக்கிட்டுத் தாவினா. கினி நாட்டுப் போசூவுல சிம்பன்ஸித் தாய்கள் வாரக்கணக்கா இப்படிச் சுமந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

நோட்டுல "துக்கம்"னு எழுதினேன். ஆய்வாளர் அடிச்சுட்டு, "சுமத்தல், நாள் 4"னு எழுதச் சொன்னார். எழுதினேன். அந்த அடிச்ச கோடு இன்னும் கண்ணுல நிக்குது.

எதிர்க்கரை:
ஈரமண், அவர் அடித்ததுதான் சரி. பார்த்ததை எழுதலாம், நம் மனதை அதற்குள் ஊற்றக் கூடாது. நானும் ஒரு மீட்பு மையத்தில் ஒரு குரங்குக்குக் காரட்டும் பக்கத்துக் கூண்டுக் குரங்குக்கு நிலக்கடலையும் கொடுத்து, அதே காரட்டால் நெற்றியில் அடி வாங்கியவன்தான். உடனே "நியாய உணர்வு" என்று துள்ளினேன். பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை கிடைப்பதைப் பார்த்தால் குரங்கு தன் வெள்ளரியை மறுக்கும் என்ற, 2003இல் பிராஸ்னன், டி வால் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 2006இல் வேறொரு குழு, முன்பு திராட்சை கிடைத்து இப்போது வெள்ளரி வந்தால் அந்த ஏமாற்றமே போதும், பக்கத்தில் யாரும் இருக்கவேண்டியதில்லை என்றது. அதை யாரும் பகிர்வதில்லை. நியாயம் என்றால் திராட்சை கிடைத்தவன் அல்லவா மறுக்க வேண்டும்? (2010இல் சில சிம்பன்ஸிகள் அப்படியும் மறுத்தன. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிம்பன்ஸி குரங்கல்ல, வாலில்லாப் பெருங்குரங்கு. நம் கிளையும் அதன் கிளையும் பிரிந்து 60 லட்சம் ஆண்டுகளாவது இருக்கும். குரங்குகள் அதற்கும் வெகு முன்பே பிரிந்துவிட்டவை.)

மழைக்காகம், உங்களிடமும் ஒரு கேள்வி. பணிவு இளிப்பு என்கிறீர்கள். யாருக்குப் பணிந்தது? ஆறு வயதுக் குழந்தைக்கா? படத்தை நன்றாகப் பாருங்கள்.

ஈரமண்:
துக்கம்னு எழுதினா ஊத்தறது. சுமத்தல்னு எழுதினா மட்டும் எதையும் ஊத்தலையா?

மழைக்காகம்:
ஊசி அன்னைக்கே போட்டாச்சு, கூழாங்கல்.

எதிர்க்கரை, இப்பத்தான் பெரிசாக்கிப் பார்த்தேன். படத்தோட வலது ஓரத்துல, கிளையில, இதைவிட உடம்பு பெருத்த இன்னொரு ஆண் பாதி வெட்டுப்பட்டு நிக்குது. இளிச்சவனோட கண்ணு அந்தப் பக்கம். என் பொண்ணை அது பார்க்கவே இல்ல.