இத்தாலியக் கடிதங்களை ஆங்கிலமாக்குவதில் ஓர் ஐயம்

மேலமாசி வீதி:
வணக்கம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகில் உள்ள ஒரு தங்கும் விடுதியில் வரவேற்புப் பணியில் இருக்கிறேன். இத்தாலியிலிருந்து அறை கேட்டு வரும் கடிதங்களை ஆங்கிலமாக்கி மேலாளரிடம் தருவது என் பொறுப்பு. கைப்பேசிச் செயலியில் இட்டால், எங்களைப் பார்த்துக் கேட்கும் கேள்வியே சில வேளைகளில் 'ஷீ' என்று வந்து நிற்கிறது. ஆங்கிலம் போலத் தோன்றும் சொற்களும் குழப்புகின்றன. எவற்றில் கவனம் தேவை?

தல்லாகுளம் ஆசிரியை:
தம்பி, இத்தாலியத்தில் ஒருவரை மரியாதையாக விளிக்கும் 'லேய்' என்ற சொல்லுக்கே 'அவள்' என்ற பொருளும் உண்டு. போதாக்குறைக்கு, தமிழைப் போலவே அவர்களும் எழுவாயை விட்டுவிட்டு வினையை மட்டும் சொல்வார்கள். 'ஆ ஊனா காமெரா லிபெரா?' (காலி அறை இருக்கிறதா?) என்ற வரியை 'அவனிடம்', 'அவளிடம்', 'தங்களிடம்' என்று எப்படித் தொடங்கியும் படிக்கலாம். விடுதிக்கு எழுதுபவர் உங்களைத்தான் கேட்கிறார் என்பதால் தயங்காமல் 'யூ' என்றே எழுதுங்கள். அந்த வரியில் வரும் 'காமெரா' அறையைக் குறிக்கிறது, படம் எடுக்கும் கருவியை அன்று.

வைகைக்கரை வழிகாட்டி:
ஆசிரியை சொன்னதோடு அறை வகையையும் பாருங்கள். 'மாத்ரிமோனியாலே' என்பது திருமணத்துக்கான அறை அன்று. இருவர் படுக்கும் ஒரே பெரிய கட்டில் உள்ள அறை, அதாவது ஆங்கிலத்தில் 'டபுள்'. 'தோப்பியா' என்றால் பொதுவாக இரண்டு தனிக் கட்டில்கள், ஆகவே 'ட்வின்'. ஒலியை நம்பி 'தோப்பியா'வை 'டபுள்' என்று எழுதிவிட்டால், நண்பர்களாக வரும் இருவருக்கு ஒரே கட்டில்தான் கிடைக்கும். 'பாரென்தி' வருகிறார்கள் என்றால் உறவினர்கள். பெற்றோருக்குச் சொல் 'ஜெனித்தோரி'. 'ஆக்வா கால்தா' ஆங்கில 'கோல்ட்' போல ஒலித்தாலும் வெந்நீர். 'பெப்பரோனி' குடைமிளகாய் மட்டுமே, ஆனால் அதே ஒலியுள்ள ஆங்கிலச் சொல் இறைச்சியைக் குறிப்பதால், சைவ உணவு கேட்பவரின் கடிதத்தில் இதை அப்படியே விடுவது சரியாகாது. நாள் கணக்கும் முக்கியம்: 'ஓஜ்ஜி ஆ ஓத்தோ' என்பதில் எட்டு என்ற சொல் இருந்தாலும், அது இன்றிலிருந்து ஒரு வாரம், அதாவது ஏழு நாள் கழித்து.

மேலமாசி வீதி:
மிக்க நன்றி. நேரில் பேசும்போது அவர்கள் அடிக்கடி சொல்லும் 'ப்ரேகோ'வை எப்படிக் கொள்வது?

தல்லாகுளம் ஆசிரியை:
அதற்கு ஒரே ஆங்கிலச் சொல்லைத் தேடாதீர்கள். நன்றி சொன்னதற்கு மறுமொழியாக வந்தால் 'யூ ஆர் வெல்கம்'. கதவருகே விலகி நின்று சொன்னால், நீங்கள் முதலில் செல்லுங்கள் என்று பொருள். கேள்வித் தொனியில் சொன்னால், நீங்கள் பேசியது அவர் காதில் சரியாக விழவில்லை. இன்னொரு முறை நிதானமாகச் சொல்லுங்கள்.