வில்லிஸ் எம்பி-யா, ஃபோர்டு ஜிபிடபிள்யூ-வா? ஃபிரேமை வைத்து உறுதிசெய்வது எப்படி?

பழைய_ஸ்பானர் கேட்டது:

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப் ஒன்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே வடிவ ஜீப்பை அப்போது இரண்டு கம்பெனிகள் செய்தன: வில்லிஸ் செய்தது எம்பி, ஃபோர்டு செய்தது ஜிபிடபிள்யூ. விற்பவர் அதை 1943 ஃபோர்டு ஜிபிடபிள்யூ என்கிறார். கிளவ் பாக்ஸ் மூடியில் ஃபோர்டு தகடு இருக்கிறது, கிரில் ஒன்பது துளை கொண்டது. ஆனால் முன் பம்பருக்குப் பின்னால், ஃபிரேமின் இடது ரயிலின் (நீளவாக்குச் சட்டத்தின்) உட்பக்கம் ரிவெட் ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன, தகடு இல்லை. எஞ்சின் நம்பர் 'ஜே' என்று தொடங்குகிறது. ஆயில் பம்ப் போய்விட்டது.

1. தகட்டை நம்பலாமா?
2. எம்பி ஆயில் பம்ப் வாங்கினால் இந்த எஞ்சினுக்குச் சேருமா? இல்லையென்றால் மஹிந்திரா சிஜே-3பி (போருக்குப் பிந்தைய ஜீப்) எஞ்சினையே ஏற்றிவிடலாமா?
3. சக்கரங்கள் இரண்டு பாதியாகப் போல்ட் போட்டவை. கழற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சேஸிஸ்_பித்தன்:

தகட்டை நம்பாதீர்கள். கிளவ் பாக்ஸ் தகடுகளின் நகல் எல்லா இடத்திலும் விலைக்குக் கிடைக்கிறது. நான்கு திருகைக் கழற்றினால் ஜீப்பின் 'பிறப்பு' மாறிவிடும்.

கிரிலும் உதவாது. 1942 தொடக்கம் வரை வில்லிஸ் வைத்தது இரும்புப் பட்டைகளை வெல்ட் செய்த கிரில். அப்படி வந்தவை சுமார் 25,000 வண்டிகள்தான். அதன்பின் ஃபோர்டு வடிவமைத்த, தகட்டை அழுத்திச் செய்த ஒன்பது துளை கிரிலை வில்லிஸும் எடுத்துக்கொண்டது. ஏழு துளை இருந்தால் அது போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த சிஜே வகை. ஒன்பது துளை போர்க்காலத்தது என்று மட்டும் சொல்லும், கம்பெனியைச் சொல்லாது.

பார்க்க வேண்டியது ஃபிரேமின் முன் கிராஸ் மெம்பர், அதாவது இரண்டு ரயில்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம். ரேடியேட்டருக்குக் கீழே குனிந்து பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்து வைத்த 'ப' எழுத்துப் போல மடித்த தகடாக இருந்தால் ஃபோர்டு. இதை யாரும் லேசில் மாற்ற முடியாது. மாற்றியிருந்தால் வெல்டிங் காட்டிக்கொடுக்கும்.

நீங்கள் சொல்லும் ரிவெட் ஓட்டைகள் வில்லிஸ் பக்கம்தான் சாய்கின்றன. வில்லிஸ் நம்பர் தகட்டை அந்த இடத்தில்தான் அடித்தது. ஃபோர்டு தகடு வைக்காமல், இடது ரயிலின் மேல் முகத்தில் எஞ்சின் மவுன்ட்டை ஒட்டி நம்பரை நேரடியாகக் குத்தியது. அந்த இடத்தில் கிரைண்டர் வைத்துவிடாதீர்கள், குத்து ஆழமில்லாதது, ஒரே தேய்ப்பில் போய்விடும். பெயின்ட் ரிமூவர் தடவி, கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

நட்போல்ட்_எஃப்:

மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட் தலை உட்பட, 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. ஆனால் ஒரு 'எஃப்' போல்ட் கண்டதும் ஃபோர்டு என்று முடிவு கட்டக் கூடாது. இரு கம்பெனி வண்டிகளின் பாகங்களும் ஒன்றுக்கொன்று மாறும்படிச் செய்யப்பட்டவை. ராணுவப் பட்டறைகளில் பழுது பார்த்தபோது கைக்குக் கிடைத்த பாகம் மாட்டப்பட்டது.

பாடிக்கும் இதே கதைதான். 1944 தொடக்கத்திலிருந்து இரண்டு கம்பெனிகளுமே அமெரிக்கன் சென்ட்ரல் என்ற கம்பெனி செய்த ஒரே மாதிரிப் பாடியைப் போட்டன. ஃபிரேமைத் தவிர வேறெதையும் சாட்சியாக எடுக்காதீர்கள்.

தொழிற்சாலையை விட்டு வந்தபோது ஃபோர்டில் எஞ்சின் நம்பரும் ஃபிரேம் நம்பரும் ஒன்றாக இருந்தன. வில்லிஸில் இரண்டும் வேறு வேறு. ஆகவே வில்லிஸில் நம்பர் பொருந்தவில்லை என்று விலையைக் குறைப்பது தவறு.

டைமிங்_செயின்:

ஆயில் பம்ப் விஷயத்தில் பலர் பணத்தை இழக்கிறார்கள், வாங்குமுன் இதைப் படியுங்கள்.

'ஜே' என்றால் போருக்குப் பின் வந்த சிஜே-2ஏ எஞ்சின். எம்பி, ஜிபிடபிள்யூ இரண்டிலும் இருப்பதும் அதே 134 கன அங்குல, 60 குதிரைத்திறன் எல்-134தான். ஆனால் போர்க்கால எஞ்சினில் கேம்ஷாஃப்ட்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டை) சுழற்றுவது செயின். சிஜே-2ஏ-வில் ஆரம்பத்தில் செயின், பிறகு கியர். செயின் என்றால் கேம், கிராங்க் சுழலும் திசையிலேயே சுழலும். கியர் என்றால் எதிர்த்திசையில். ஆயில் பம்ப்பைச் சுழற்றுவது கேமில் உள்ள சாய்வுப் பல் கியர். அதனால் பல்லின் சாய்வு இரண்டிலும் வேறு, பம்ப்பை மாற்றிப் போட முடியாது. முன்பக்க டைமிங் கவரைக் கழற்றி, செயினா கியரா என்று கண்ணால் பார்த்த பிறகே ஆர்டர் கொடுங்கள். நம்பரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், கேம்ஷாஃப்ட் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு ஆயில் பம்ப் தண்டின் நுனியில்தான் பிடிக்கிறது. பம்ப்பை ஒரு பல் தள்ளி ஏற்றினாலும் டைமிங் கெட்டுவிடும். கழற்றுமுன் முதல் சிலிண்டரை கம்ப்ரஷன் உச்சத்தில் நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் நோக்கும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. போர்க்கால எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு இடைவெளி இரண்டுக்கும் 0.014 அங்குலம். பாயின்ட் இடைவெளி 0.020, பிளக் 0.030.

மஹிந்திரா சிஜே-3பி எஞ்சின் எஃப்-134 வகை. இன்டேக் வால்வு ஹெட்டில் இருப்பதால் எஞ்சின் உயரம் அதிகம். சிஜே-3பி-யின் போனட் தூக்கலாக இருப்பதே இதற்காகத்தான். எம்பி போனட் அதன் மேல் மூடாது. போனட்டை வெட்டத் தொடங்கினால் அது மறுசீரமைப்பே அல்ல.

சேஸிஸ்_பித்தன்:

மூன்றாவது கேள்விதான் உயிர் சம்பந்தப்பட்டது.

உங்களுடையது போல இரண்டு பாதியாக இருப்பது காம்பாட் வீல். அதில் இரண்டு வகை நட் இருக்கிறது. நடுவில் ஹப்பைச் சுற்றி 5, அவை சக்கரத்தைக் கழற்ற. அவற்றுக்கு வெளி வட்டத்தில் 8, ரிம்மின் இரு பாதிகளைச் சேர்த்துப் பிடிப்பவை. டயரில் காற்று இருக்கும்போது அந்த எட்டில் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். காற்றழுத்தம் பாதி ரிம்மை ஆள்மேல் வீசியடிக்கும். முதலில் டயர் வால்வுக்குள் இருக்கும் கோரை (காற்றை அடைக்கும் சிறு பாகத்தை) கழற்றி, காற்று முழுதும் இறங்கியதை உறுதிசெய்து, அதன்பின் ஸ்பானரை வையுங்கள்.

இடது பக்கச் சக்கரங்களில் நடுவிலுள்ள 5 நட்டுகளுக்கு இடது மரை. கழற்றுவதற்கு வழக்கமான திசையில் திருப்பினால் இறுகும். இறுகிய நட்டில் குழாய் மாட்டி இழுத்தால் ஸ்டட் (நட் ஏறும் மரை ஆணி) முறியும்.

கிராஸ் மெம்பர் உருண்டையா மடிப்பா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். படம் எடுக்கும்போது ரேடியேட்டருக்கு அடியில், முன்னாலிருந்து எடுங்கள்.

பழைய_ஸ்பானர்:

பார்த்தாயிற்று. உருண்டைக் குழாய், வெல்டிங் மாறியதற்கான அடையாளமே இல்லை. ரயிலின் மேல் முகத்தில் குத்து நம்பரும் இல்லை. டைமிங் கவருக்குள் கியர். எம்பி பம்ப் ஆர்டரை நிறுத்திவிட்டேன். நன்றி.