எதிர்ப்பொருளா, மறுபொருளா?

ஒவ்வொரு துகளுக்கும் மின்னூட்டம் போன்ற பண்புகள் தலைகீழாக உள்ள ஓர் இணைத்துகள் உண்டு, அத்தகைய இணைகளால் ஆனதை ஆங்கிலத்தில் antimatter என்கிறோம். அதற்கு எதிர்ப்பொருள் என்ற சொல் பரவிவிட்டது, அதை இனி மாற்ற வேண்டாம் என்று இங்கே சிலர் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் திருவையாற்றில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தரும் எனக்கு அந்தச் சொல் ஒவ்வோர் ஆண்டும் காலை இடறுகிறது.

இடறல் 'எதிர்' என்ற முன்னொட்டில் இருக்கிறது. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எதிர் (negative) மின்னூட்டம் என்கிறோம். எலக்ட்ரானையே எதிர்மின்னி என்று எழுதுகிறவர்களும் உண்டு. இயற்பியலாளர் டிராக் 1928-இல் எழுதிய சமன்பாட்டிலிருந்து முளைத்து, 1932-இல் ஆண்டர்சன் முகில் அறையில் (துகள் போன வழியைத் தடமாகக் காட்டும் கருவி) தடம் கண்டுபிடித்த, எலக்ட்ரானின் இணையான பாசிட்ரானை நான் 'எதிர் எலக்ட்ரான்' என்று விளக்கினேன். "எலக்ட்ரானே எதிர்தானே சார், அப்புறம் என்ன எதிர் எலக்ட்ரான்?" என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான கேள்வி. எதிர்மின்னி என்று வைத்துக்கொண்டால் இது 'எதிர் எதிர்மின்னி' ஆகிவிடும். அதன் மின்னூட்டமோ நேர்!

நியூட்ரானிடம் வந்தால் குழப்பம் இன்னும் முற்றுகிறது. அதற்கு மின்னூட்டமே கிடையாது. ஆனாலும் அதற்கும் ஓர் இணை உண்டு, 1956-இல் பெர்க்லியில் அதைக் கண்டறிந்தார்கள். உள்ளே இருக்கும் குவார்க்குகள் என்ற மூன்று நுண்துகள்களுக்கும் பதிலாக அவற்றின் இணைகள் இருப்பதுதான் வேறுபாடு. 'எதிர் நியூட்ரான்' என்று சொன்னதும் பிள்ளைகள் அதற்கு ஓர் எதிர் மின்னூட்டத்தை எழுதிவைத்துவிடுகிறார்கள். பிழை அவர்களுடையது இல்லை, சொல்லே அப்படித் தள்ளிவிடுகிறது.

என் பரிந்துரை 'மறு'. மறுதுகள், மறுபொருள், மறுபுரோட்டான், மறுநியூட்ரான். புஷ்ய மண்டபப் படித்துறையில் நின்று காவிரியின் மறுகரையைப் பார்த்தால் அங்கேயும் இதே தென்னை, இதே வாழை. அங்கே போய் நின்றால் நாம் நிற்கும் இந்தக் கரை மறுகரையாகிவிடும். மறுதுகளும் அப்படித்தான்: அதே நிறை, அதே தற்சுழற்சி, மின்னூட்டம் போன்ற பண்புகள்தான் தலைகீழ். எது துகள், எது மறுதுகள் என்பது நாம் எந்தக் கரையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

'மறு' என்றால் மறுபடியும் என்றுதானே தோன்றும், மறுகூட்டல், மறுதேர்வு போல, என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். உண்மைதான். ஆனால் மறுபக்கமும் மறுமையும் அதே சொல்லில் பிறந்தவை, அவற்றை யாரும் 'மறுபடியும்' என்று கொள்வதில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதில் தவறில்லை, இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்து மோதக் கூடாது, அவ்வளவுதான். 'எதிர்' மோதுகிறது, 'மறு' மோதவில்லை.

மாற்றாக வரக்கூடிய வேறு சொற்களில், 'பிரதிப்பொருள்' எனக்கு ஒப்பவில்லை, பிரதி என்றதும் நகல் நினைவு வருகிறது. 'ஆடிப்பொருள்' (ஆடி என்றால் கண்ணாடி) காதுக்கு இனிமை. ஆனால் கண்ணாடிச் சமச்சீர்மை என்பது இயற்பியலில் வேறொரு கருத்து, அதோடு கலந்துவிடும். மேலும் எங்கள் பக்கத்தில் ஆடி என்றால் முதலில் பதினெட்டாம் பெருக்குதான்.

பாடக்குறிப்பில் இப்படி எழுதிப் பார்த்தேன்: "வாழைப்பழத்தில் உள்ள பொட்டாசியம்-40 மிக அரிதாக ஒரு மறு எலக்ட்ரானை வெளியிடும். அது பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரானோடு சேர, இரண்டும் காமா கதிர்களாக மாறும்." அதே மாணவி இதைத் தடங்கல் இல்லாமல் படித்தாள். பிறகு, பெருவெடிப்பில் பொருளும் மறுபொருளும் சமமாகத் தோன்றியிருந்தால் நாம் எப்படி மிஞ்சினோம் என்று கேட்டாள். இயற்பியலாளர்களுக்கே இன்னும் முழு விடை கிடைக்காத கேள்வி அது. எனக்கு நிறைவாக இருந்தது. சொல்லில் சிக்காமல் கருத்துக்குள் போய்விட்டாள்.

ஒன்றில் மட்டும் உங்கள் கருத்து வேண்டும். மறுபுரோட்டானைச் சேர்த்து எழுதுகிறேன். எலக்ட்ரான் உயிரெழுத்தில் தொடங்குவதால் 'மறு எலக்ட்ரான்' என்று பிரித்துவிட்டேன். 'மறுவெலக்ட்ரான்' என்று உடம்படுமெய் போட்டால் மாணவர்களுக்கு எலக்ட்ரானே அடையாளம் தெரியாமல் போகுமோ என்று தயங்குகிறேன். இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.