புதுப்பிப்பு: எங்கள் துரோகி மாட்டிக்கொண்டான்

நான் நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை ஆடும் விளையாட்டு) ஆட்டத்தில் ஒரு வீரர் தன் ரோக் (திருட்டு, தந்திர வேலைக்காரன்) பாத்திரத்தை எதிரியின் ஒற்றனாக ரகசியமாக ஆடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் வேண்டாம் என்றீர்கள். ஆனாலும் ஆடவிட்டேன், ஒரு நிபந்தனையோடு: குட்டு உடைந்ததும் பாத்திரம் என் கைக்கு வந்துவிடும், அவர் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரகசியம் பேச வாட்ஸாப். அவருக்கு மட்டும் அனுப்பினால் சந்தேகம் வருமே, அதனால் எல்லோருக்கும் ஏதாவது அனுப்பிக்கொண்டே இருந்தேன். பாதி "சும்மா சிரித்துவிட்டு போனைக் கீழே வையுங்கள்" ரகம்.

மாட்டிவிட்டது கிளெரிக் (மதகுரு) பாத்திரத்தை ஆடுபவர். வரைபடம் காணாமல் போனதை விசாரிக்க 'ஸோன் ஆஃப் ட்ரூத்' என்ற, பொய் பேசவிடாத மந்திரத்தைப் போட்டார். சேவில், அதாவது மந்திரத்தை எதிர்க்க உருட்டும் பகடையில், யார் தோற்றார்கள் என்பது மந்திரம் போட்டவருக்குத் தெரிந்துவிடும். நம் ஆள் தோற்றார். தோற்றாலும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம், சுற்றி வளைக்கலாம். பொய்தான் சொல்ல முடியாது. "நான் வரைபடத்தை விற்கவில்லை" என்றார். உண்மைதான், சும்மா கொடுத்திருந்தார்!

பார்பேரியன் (முரட்டுப் போர்வீரன்) நிதானமாக, "விற்றாயா என்று யார் கேட்டது?" என்றார். அப்புறம் ஒரே கூச்சல்.

அடுத்த ஆட்டத்துக்கு ரோக்கை ஆடியவர் பாலடினோடு (புனிதப் போர்வீரன்) வருகிறார். பழைய ரோக் இனி என் வில்லன். அவனைத் திருத்தப் பார்க்கலாம் என்கிறார் கிளெரிக். பார்பேரியன் கோடரியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்.